சாரலில் வெளுத்த சிவப்பு

பெயிண்ட் அடிக்கும் கன் எது வாங்கலாம் என்று சாமியிடம் உத்தரவு கேட்ட குடும்பம் தென்காசி வட்டாரத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். சாமி சார்பில் அந்த உத்தரவை எடுத்துக் கொடுத்தவன் நான். அப்போது மூன்றாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் என்னை நம்பி எந்த ஆசிரியரும் எதையும் கேட்டதில்லை. வீட்டில் மட்டும் நம்பிவிட்டார்கள்.

சுரண்டை சாலையில் எங்கள் ஷெட். டிராக்டரும் டிரெய்லரும் கலப்பையும் கதிரடிக்கும் மிஷினும் துரு ஏறி, நிறம் செத்து, சீக்காளி போல வந்து சேரும். தட்டி, ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்துப் புதுமாப்பிள்ளையாக அனுப்பிவைப்போம். 'வைப்போம்' என்பதில் என்னையும் சேர்த்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று விரல் வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. யாரும் கொடுக்காத பொறுப்பு, நானே எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் ஓடிய பாதி டிராக்டர்களில் என் கைரேகை இருந்தது.

அப்பாவுக்கு வெல்டிங்கும் இரும்பு வேலையும். பெயிண்ட் முழுக்க அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. தாத்தா ஆச்சி இருவரும் காலமான பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பெயிண்டர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்ட ஓர் ஆயுத பூஜை சமயத்தில், வேறு ஆள் கிடைக்கும்வரைதான் என்று சொல்லிக் கன்னைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு ஆள் கிடைக்கவில்லையா, இல்லை யாரும் தேடவே இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. மற்ற வேலைகளில் அவளுக்குப் பொறுமை கிடையாது. தோசை திருப்புவதற்குள் மூன்று பேரைத் திட்டிவிடுவாள். ஆனால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு டிராக்டர் முன்னால் நின்றுவிட்டால் வேறு ஆள். பானெட் ஓரமாக, தூக்கத்தில் நடப்பவள் மாதிரி மெல்ல நடப்பாள். கையிலிருந்து ஒரு புகை கிளம்பும். புகை போன வழியெல்லாம் நிறம் வரும். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ராத்திரி எச்சில் துப்பினால் சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். அன்றைக்கு வந்த டிராக்டரைப் பொறுத்தது.

ஆனி பிறந்தால் மேற்கே மலையும் அதே மாதிரி புகைய ஆரம்பித்துவிடும். குற்றாலத்தில் சீசன். வெயில் இருக்கிற மாதிரி இருக்கும், இருக்காது. மழை மாதிரி இருக்கும், நனையாது. முகத்தில் மட்டும் யாரோ தும்மிவிட்டுப் போன மாதிரி ஒரு ஈரம். மலைக்கு மேல் யாரோ ஒருவர் ரொம்பப் பெரிய கன்னோடு நின்றுகொண்டு காட்டுக்குப் பச்சை அடிக்கிறார், அதில் ஓரமாகச் சிதறுவதுதான் நமக்குச் சாரலாக வருகிறது என்று நான் அப்போது முடிவு செய்து வைத்திருந்தேன். அருவி எதற்கென்றால், அவர் சாயங்காலம் கன்னைக் கழுவுகிற தண்ணீர். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். அதனால் என் கொள்கை மாறிவிடவில்லை.

அந்தச் சாரல்தான் எங்கள் தொழிலுக்கு எமன். சிவப்பு அடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புவதற்குள் காற்றில் இருக்கிற ஈரம் மேலே உட்கார்ந்து, வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு தடவை சுரண்டையிலிருந்து வந்த டிராக்டருக்கு அப்படி ஆகிவிட்டது. எடுத்துப் போக வந்தவர் பானெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அண்ணாச்சி, நான் செவப்புல்லா கேட்டேன்? இது ரோஸ்மில்க்குல்லா!"

அத்தை அசரமாட்டாள். வெயில் தலைகாட்டும் நேரம் பார்த்து, பெயிண்டை இளக்குகிற தின்னரை மட்டும் கன்னில் ஊற்றி, மேலே பூ மாதிரி ஒரு தடவை தூவுவாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை கரைந்து, உள்ளே ஒளிந்திருந்த சிவப்பு மறுபடி எழுந்து வரும். அதைவிடப் பெரிய மாயத்தை நான் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. வெளுத்தது எதுவானாலும் தின்னரும் வெயிலும் பட்டால் சிவந்துவிடும் என்பது அன்றிலிருந்து எனக்கு வேதம்.

அந்த வருஷச் சாரலில் பழைய கன் செத்துப்போனது. பெயிண்டைத் தூவுவதற்குப் பதிலாக, வெற்றிலை போட்டவர் துப்புவது மாதிரி துப்ப ஆரம்பித்தது. அப்பா தென்காசியில் தெரிந்த கடையில் சொல்லி, அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று இரண்டு கன்களை வாங்கிவந்தார்.

ஒன்று பெரிசு. கப் கீழே தொங்கும். ஒரு லிட்டர் பெயிண்ட் பிடிக்கும். டிரெய்லர் மாதிரி அகலமான தகரத்துக்கு அதுதான் தோது. சும்மா சும்மா நிறுத்தி ஊற்ற வேண்டாம். மற்றது சிறிசு. கப் தலைமேல் உட்கார்ந்திருக்கும், கிரீடம் வைத்த மாதிரி. பெயிண்ட் தானாக இறங்கும். பூவாகத் தூவும். மட்கார்டு வளைவு, பானெட் இடுக்கு எல்லாம் ஒழுகாமல் வரும்.

ஒரு பழைய தகரத்தை நிறுத்திவைத்து இரண்டையும் அடித்துப் பார்த்தார்கள். பெரிசைப் பிடித்து அப்பா அடித்தபோது சுவர் மாதிரி நிறம் எழுந்தது. அத்தை பிடித்தாள். முதலில் நன்றாகத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு நடுங்க, தகரத்தில் பெயிண்ட் கண்ணீராக வழிந்தது. கன்னைக் கீழே வைத்துவிட்டுச் சிறிசை எடுத்தாள். அது அவள் கையில் கோழிக்குஞ்சு மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது. தகரத்தின் மறுபாதி கண்ணாடியாகிவிட்டது. அதில் என் முகம் தெரிந்தது. எனக்கு என்னமோ அன்றைக்குத்தான் நான் அழகன் என்று தோன்றியது.

ஷெட்டோடு முடிய வேண்டிய விஷயம் இது. அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். வாசுதேவநல்லூரில் வயலும் ஒரு சிவப்பு டிராக்டருமாக இருந்தார். எங்கள் வீட்டில் அண்ணன் என்பது உறவு இல்லை, பதவி. அவர் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் சொல்லுக்கு அப்பா மறுசொல் சொல்லியும் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் அத்தைக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். திருவேங்கடத்துப் பக்கம், நல்ல குடும்பம், நல்ல பையன். ஒரே ஒரு பேச்சுதான்: கல்யாணத்துக்குப் பிறகு பெண் பெயிண்ட் கன்னைத் தொடக் கூடாது.

"பெயிண்டு நாத்தத்தோட மருமக வேண்டாம்னு சொல்லுதாக. அதுல என்ன தப்பு இருக்கு ஏட்டி?"

"அவுக வீட்ல டிராக்டர் இருக்கால்லா? அதுக்கு யாருண்ணே பெயிண்டு அடிப்பா?"

"ஆள் வச்சு அடிப்பாக."

"இந்தப் பக்கம் அந்த ஆளு நாந்தானே?"

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்துவிட்டு, இருமின மாதிரி மாற்றிக்கொண்டாள்.

அத்தை சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை வேண்டாம்னு நான் சொல்லலண்ணே. கன்னைக் கீழ வைன்னு சொல்லுத மாப்பிள்ளை வேண்டாம். இத விட்டுட்டு என்னால இருக்க முடியாது" என்றாள்.

பெரியப்பா கன்கள் இரண்டையும் பார்த்தார். அவர் மண்டை சட்டென்று வேலை செய்யும். பெரிசை வாங்குங்கள், அடிப்பதற்கு வாசுதேவநல்லூரிலிருந்து நான் ஆள் அனுப்புகிறேன், கொஞ்ச நாளில் இவளுக்கும் மறந்துவிடும் என்றார். சிறிசை வாங்கினால் அது அவளுக்காக வாங்கியது என்றுதான் அர்த்தம். தங்கச்சியை வேலைக்கு வைத்துக்கொண்டு கட்டிக்கொடுக்காமல் இருக்கிறான் என்று ஊர் பேசும். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"நீ என்னலே சொல்லுத?"

அப்பா நின்றபடி கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான்.

"பெரிசுதாண்ணே நல்லது. டிரெய்லருக்குத் தோதா இருக்கும்."

அத்தை அவரைப் பார்த்தாள். பழைய கன் நின்றுபோன நாளில்கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

அந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுவது நல்லது என்று எனக்குப் பட்டது. மலையில் நிற்கிறவர் சிறிசைத்தான் வைத்திருக்கிறார், மேகம் மேலே அல்லவா இருக்கிறது, கப் தலைமேல் இருந்தால்தான் காடு இப்படிப் பச்சையாக வரும் என்று விளக்கினேன். பெரியப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவனுக்குக் குடல்புழு மாத்திரை குடுத்தீகளா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மாதான் வழி சொன்னாள். "எதுக்கு அத்தான் இப்படி மல்லுக்கட்டணும்? சாஸ்தாகிட்டப் பூக்கட்டிப் பாத்துருவோம்."

எங்கள் குடும்பத்தில் முடியாத பேச்செல்லாம் கடைசியில் குளத்தங்கரைச் சாஸ்தாவிடம்தான் போகும். ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ; தனித்தனியாக இலையில் மடித்து, எது எதுவென்று தெரியாமல் கட்டி, சாமி காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். எந்தப் பூ வருகிறதோ அதுவே உத்தரவு. கிணறு வெட்டுவது, மாடு விற்பது, ஆபரேஷன் செய்வது எல்லாம் அங்கே தீர்மானமானதுதான். பெயிண்ட் கன் போனது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா உடனே ஒத்துக்கொண்டார். மனுஷனை அவர் நம்பமாட்டார், சாஸ்தாவை நம்புவார். "செவப்பு வந்தா பெரிசு. நான் சொன்ன எடத்துல கல்யாணம். வெள்ளை வந்தா சிறிசு. அவுகளுக்கு நானே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிருதேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கெடையாது" என்றார். அவர் டிராக்டர் சிவப்பு. அதனால் சிவப்பு அவருக்கு.

எடுக்கப்போகிற குழந்தை நான் என்று தெரிந்ததும் வீட்டில் என் மதிப்பு உயர்ந்தது. பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிவப்பு வந்தால் குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒரு பை நிறைய. அத்தை வந்து, வெள்ளை வந்தால் என் சைக்கிளுக்கு டிராக்டர் நீலம் அடித்துத் தருவதாகச் சொன்னாள். இரண்டுக்கும் தலையாட்டினேன். கட்டிய பூவில் நிறம் எப்படித் தெரியும் என்ற கேள்வி அவர்களுக்கு வரவில்லை. எனக்கு வந்தது, நான் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி படுத்தபோது என் மனசு மங்குஸ்தான் பக்கம் சாய்ந்துவிட்டது. சைக்கிளைத் தின்ன முடியாது.

காலையில் கோவிலுக்குப் போனபோது நல்ல சாரல். குளம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாமே ஒரே புகை. புகைக்குள்ளிருந்து ஒரு கொக்கு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி புகைக்குள் போனது. கோவிலுக்குப் பின்னால் அரளிச் செடிகள். சிவப்பும் வெள்ளையும் கலந்து நிற்கும். பூவைப் பறித்துக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று அப்பா போனார். யாரும் கூடப் போகவில்லை. 'நாளைக்குத் தாரேன்' என்பதைத் தவிர அப்பா பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதுவும் தொழில் பொய், கணக்கில் சேராது. கொஞ்ச நேரம் கழித்து, வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்களோடு புகைக்குள்ளிருந்து வந்தார். தலைமுடியெல்லாம் பொடிப்பொடியாகத் தண்ணீர். ஒரே நாளில் நரைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பூசாரி அண்ணாச்சி பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அத்தை கண்ணை மூடியிருந்தாள். கன்னைப் பிடிக்கிற விரல் மட்டும் தானாக மடங்கி மடங்கி விரிந்தது. நான் கை நீட்டினேன். மங்குஸ்தான், மங்குஸ்தான் என்று சாஸ்தாவிடம் வேண்டிக்கொண்டு, இடப்பக்கம் இருந்ததை எடுத்தேன்.

பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை.

அத்தை அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. என்னைத் தூக்கிச் சுற்றியதில் எனக்குக் கோபுரமும் குளமும் கலந்து தெரிந்தன. அப்பா சாமியைக் கும்பிட்டுத் தரையில் விழுந்தவர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கிடந்தார். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். செல்போனை எடுத்தார். அங்கே டவர் கிடைக்காது. குளத்தங்கரை மேல் ஏறி, சாரலுக்குள் இப்படியும் அப்படியும் நடந்து, ஒரு இடத்தில் நின்று, திருவேங்கடத்துக்காரர்களிடம் "சாமி உத்தரவு கெடைக்கல, மன்னிச்சுக்கிடணும்" என்று சத்தமாகச் சொல்லி முடித்தார். சொன்ன சொல் மாறாத மனுஷன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அப்புறம் சில வருஷம் கழித்து, பெயிண்ட் அடித்துத் தரச் சொல்லிக் கலப்பையோடு வந்த ஒருவர் எனக்கு மாமாவானார். கலப்பை அன்றைக்கே போய்விட்டது, அவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். அந்தக் கல்யாணத்தில் பெரியப்பாதான் முன்னால் நின்றார்.

எல்லோரும் கிளம்பும்போது, எனக்குக் கிடைக்காமல் போன மங்குஸ்தானை ஒரு தடவை பார்க்க ஆசையாக இருந்தது. அவிழ்க்காத இன்னொரு பொட்டலம் அங்கேயே கிடந்தது. அதை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டேன்.

வந்ததே வந்தோம் என்று குற்றாலத்துக்குப் போய்க் குளித்தோம். மலைக்காரர் அன்றைக்குக் கன்னை ரொம்ப நன்றாகக் கழுவினார்; தலையில் விழுந்த தண்ணீரில் என் பெயரே மறந்துவிட்டது. பெரியப்பா தோற்றவர் மாதிரியே இல்லை. கடைசியில் ஒரு பை மங்குஸ்தானும் வாங்கிக் கொடுத்தார். "சாமி சொன்னதுக்கு நீ என்னலே பண்ணுவ, தின்னு" என்றார். விரலெல்லாம் ஊதாவாகும்வரை தின்றேன். அதில் பொட்டலம் மறந்துபோனது.

மத்தியானம் ஷெட்டுக்கு வந்து டவுசரை மாற்றும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்தேன். உள்ளே கசங்கிய அரளி.

வெள்ளை.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை எப்படி வந்தது என்று நான் அதிக நேரம் குழம்பவில்லை. பெயிண்ட் ஷெட்டில் வளர்ந்த பிள்ளை. காலையிலிருந்து எவ்வளவு சாரல்! பானெட்டே வெளுக்கும்போது பூ வெளுக்காதா? மேற்கே கொஞ்சம் வெயிலும் வந்திருந்தது. தின்னர் டப்பாவைத் தேடி எடுத்து, பூவை டிரெய்லர் பலகை மேல் வைத்து, மூடியால் ஒரு சொட்டு விட்டு, குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

புதுக் கன்னைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த அத்தை, "ஏலே, தின்னர்ல என்ன வெளையாட்டு?" என்று காதைப் பிடித்தாள். காது அவள் கையில் இருந்தபடியே நான் விளக்கினேன். இது அந்த இன்னொரு பொட்டலத்துப் பூ, சிவப்பு, சாரலில் வெளுத்துவிட்டது, இப்போது சரியாகிவிடும் என்று சொன்னேன்.

காதிலிருந்து கை எடுபட்டது.

அத்தை பூவைப் பார்த்தாள். பிறகு ஷெட்டின் அந்தக் கோடியைப் பார்த்தாள். அங்கே அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தில் வெல்டிங் மறைப்போடு, ஏதோ ஒரு கலப்பைக் கொழுவைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நீலப் பொறி அவரைச் சுற்றித் தெறித்தது. கையிலிருந்த கன்னை டிரெய்லர் பலகை மேல் வைத்தாள்.

"ஆமாலே" என்றாள் கடைசியில். "சாரல்ல வெளுத்துத்தான் இருக்கும். யார்ட்டயும் சொல்லாத. பெரியப்பாட்டச் சொல்லாத. ஒங்க அப்பாட்டயும் சொல்லாத."

"செவந்ததும் சொல்லட்டுமா?"

"செவந்ததும் சொல்லு."

முகத்தைத் துண்டால் துடைத்தாள். தின்னர் நெடி கண்ணில் ஏறியிருக்கும். பிறகு உள்ளே போய், யாரும் கேட்காத நேரத்தில் காப்பி போட்டுக்கொண்டுவந்து அப்பா பக்கத்தில் வைத்தாள். அப்பா மறைப்பை விலக்காமலே, "என்னட்டி?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே. சும்மாத்தான்" என்றாள். "வேலையப் பாரு" என்றார். அவள் போகவில்லை. அப்பாவும் மறைப்பை எடுக்கவில்லை. பற்றவைப்பதை நிறுத்திவிட்ட பிறகும் எதற்காக அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காப்பியை எப்படிக் குடிப்பார் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அதற்கு மேல் பார்க்க எனக்கு நேரமில்லை. வெயில் போய்க்கொண்டிருந்தது. மலையில் அவர் மறுபடி கன்னை எடுத்துவிட்டார்; ஓரமாகச் சிதறியது என் கழுத்தில் விழுந்தது. பூவை உள்ளங்கையால் மூடி மூடித் திறந்து பார்த்தேன். ஓரம் கொஞ்சம் கருத்தது, சுருண்டது. சிவக்கவே இல்லை. தின்னர் போதவில்லை என்று நினைத்து, இன்னொரு சொட்டு விட்டேன்.